அமெரிக்கக் கிடங்கு, மான்செஸ்டர் தெரு

பிரிட்டிஷ் ரயில்களைச் சிறு அளவில் செய்து ஓட்டும் மாதிரி ரயில் பொழுதுபோக்கில் ஒரு கிராமத்து ஸ்டேஷன் அமைக்க வேண்டுமென்றால் எல்லாமே கடையில் கிடைக்கும். சிக்னல் பெட்டி, கல் வீடு, தேவாலயம், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள் என்று அட்டையிலும் பிளாஸ்டிக்கிலும் தலைமுறைகளாக விற்றுவருகிறார்கள். தொழில் நகரத்தின் நடுப்பகுதியைச் செய்ய உட்காரும்போதுதான் சிக்கல். நான்கு தளம், ஐந்து தளம் உயர்ந்து நிற்கும் செங்கல் கிடங்குகள் பிளாஸ்டிக்கில் வேண்டும், செங்கல் வரிகள் தொட்டால் விரலில் தெரிய வேண்டும் என்றால் அமெரிக்கர்களிடமும் ஜெர்மானியர்களிடமும்தான் போக வேண்டியிருக்கிறது.

நான் செய்துகொண்டிருப்பது 1950களின் கடைசியில் ஒரு மான்செஸ்டர் சரக்கு யார்டு. யார்டு கற்பனை, சுற்றியுள்ள நகரம் நிஜம். 1849-ல் திறந்த சவுத் ஜங்ஷன் ரயில் பாதை நகரத்தின் தெற்கு ஓரத்தில் செங்கல் வளைவுகள் மேலேயே ஓடுகிறது. அதன் பக்கத்திலேயே 1804-ல் கட்டி முடிந்த ராச்டேல் கால்வாய். அப்புறம் விட்வர்த் தெருவின் பெரிய துணிக் கிடங்குகள். அவற்றில் ஒன்றுக்கு இந்தியா ஹவுஸ் என்றே பெயர், 1906-ல் எழுந்தது. லங்காஷயரில் நெய்த துணி மூட்டை மூட்டையாகக் கட்டப்பட்டு நம் பக்கத் துறைமுகங்களுக்குக் கப்பலேறியது இந்த மாதிரிக் கட்டடங்கள் வழியாகத்தான். எனக்கு இந்தத் தெருவின் மேல் பிடிப்பு வந்ததற்கும் அதுதான் காரணம்.

முதலில் அளவுப் பிரச்சினை. பிரிட்டனில் புழங்குவது ஓஓ ஸ்கேல்: ஒரு அடிக்கு 4 மி.மீ., அதாவது 1:76. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எச்ஓ: அடிக்கு 3.5 மி.மீ., 1:87. தண்டவாள அகலம் மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான், 16.5 மி.மீ. பிரிட்டிஷ் ரயில் பாலங்களும் சுரங்கங்களும் ஆரம்ப காலத்திலேயே சின்னதாகக் கட்டப்பட்டதால் அங்கே எஞ்சின்களும் குறுகல். அந்தக் குறுகலான உடம்பை 3.5 மி.மீ. கணக்கில் செய்தால் அன்றைய மோட்டார் உள்ளே போகாது. அதனால் தண்டவாளத்தை விட்டுவிட்டு உடம்பை மட்டும் 4 மி.மீ. கணக்குக்குப் பெரிதாக்கினார்கள். 1938-ல் வந்த ஹார்ன்பி டப்ளோ என்ற பிரிட்டிஷ் பொம்மை ரயில் வரிசையும் இதே வழியில் போனது. அதன் பலனாக இன்றும் எச்ஓ கட்டடம் எதை வாங்கினாலும் ஓஓ ரயிலுக்குப் பக்கத்தில் எட்டில் ஒரு பங்கு சிறுத்து நிற்கிறது.

இதைக் கேட்டதுமே பலர் கிட்டை, அதாவது துண்டுகளாக வந்து நாமே ஒட்டிச் சேர்க்கும் கட்டடப் பெட்டியை, திருப்பி வைத்துவிடுகிறார்கள். எனக்கு அது அவசர முடிவாகவே படுகிறது. கிடங்குக்கு இத்தனை அடிதான் உயரம் என்று சட்டம் எதுவும் இல்லை. நான் எடுத்தது வால்தர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கார்னர்ஸ்டோன் வரிசையில் வந்த ஒரு நான்கு தளக் கிடங்கு. கண்காட்சி ஒன்றில் பழைய பொருள் விற்கும் மேசையில் கிடைத்தது. ஒரு தளத்தின் உயரத்தை அளந்தால் 46 மி.மீ. அமெரிக்கக் கணக்கில் அது 13 அடி, என் கணக்கில் 11½ அடி. மான்செஸ்டர் கிடங்கில் ஒரு தளம் 11½ அடி இருந்தால் யாருக்கும் உறுத்தாது. ஜன்னலும் அப்படியே, கொஞ்சம் சின்ன ஜன்னல் ஆகிறது, அவ்வளவுதான்.

உறுத்துவது கதவு. கிட்டில் வந்த கதவு 24 மி.மீ. உயரம். ஓஓ கணக்கில் சரியாக 6 அடி. பக்கத்தில் நிற்கும் தொழிலாளி பொம்மை 23 மி.மீ. தொப்பி போட்டால் தலை இடிக்கும். மனிதன் கையால் தொடுகிற எல்லாமே இப்படித்தான், கதவு, படி, கைப்பிடிக் கம்பி. இவற்றை மாற்றியாக வேண்டும். மீதி பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும்.

ஆக அளவு ஒரு வேலை, பெரிய வேலை இல்லை. கட்டடத்தை ஊர் மாற்றுவதுதான் பெரிய வேலை. பழைய படங்களையும் கிட் சுவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்குப் பிடிபட்டது இது: மழைத்தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, அடுப்புப் புகை எந்த வழியாக ஏறுகிறது, இந்த இரண்டையும் பார்த்தாலே கட்டடத்தின் நாட்டைச் சொல்லிவிடலாம். அமெரிக்கக் கிடங்கில் மொட்டை மாடி, தார் பூசிய தளம், தண்ணீர் உள்ளே இறங்கும் குழாயில் போய்விடும். வெளிச்சுவர் துப்புரவாக இருக்கும், அதன் மேல் தீப்பிடித்தால் தப்பி இறங்கும் இரும்புப் படி தொங்கும். பிரிட்டிஷ் கட்டடத்தில் ஸ்லேட் போட்ட சரிவுக் கூரை, அதன் தண்ணீர் சுவருக்கு வெளியே வார்ப்பிரும்புக் குழாயில் இறங்குகிறது. அறைக்கு ஓர் அடுப்பு, அடுப்புக்கு ஒரு புகைவழி, எல்லாம் சேர்ந்து கூரை மேல் செங்கல் தூணாக எழுந்து தலையில் சுடுமண் குழாய்களோடு நிற்கும். வேலை முழுவதையும் இந்த இரண்டை வைத்தே திட்டமிட்டேன்.

சுவரைப் பார்க்கும்போது ஒரு நல்ல செய்தி காத்திருந்தது. அமெரிக்கச் செங்கல் கட்டில் ஐந்து வரி நெடுக்காக வைத்த கல், ஆறாவது வரியில் குறுக்காக வைத்துத் தலை மட்டும் தெரியும் கல் என்பது சாதாரணம். என் கிட்டிலும் அப்படியே வார்த்திருந்தார்கள். இங்கிலாந்தில் இதைப் பார்த்தால் தவறு என்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். லண்டன் வீடுகளில் ஒரே வரியில் நெடுக்கும் தலையும் மாறி மாறி வரும் ஃபிளெமிஷ் கட்டு அதிகம். ஆனால் வடக்கு இங்கிலாந்தின் ஆலைகளிலும் கிடங்குகளிலும் மூன்று அல்லது ஐந்து வரிக்கு ஒரு தலை வரி வரும் தோட்டச் சுவர்க் கட்டுதான் எங்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றே. லண்டனைச் செய்பவர்களைவிட மான்செஸ்டர், லீட்ஸ், பிராட்ஃபோர்டு செய்பவர்களுக்கு அமெரிக்க கிட் கூடுதலாகப் பொருந்துவது இதனால்தான்.

செங்கல்லின் பருமன்தான் பொருந்தாது. அமெரிக்காவில் மூன்று வரிக்கு 8 அங்குலம், பிரிட்டனில் நான்கு வரிக்கு ஏறத்தாழ ஓர் அடி, வடக்கில் கல் இன்னும் சற்றுத் தடிமன். மாதிரியில் கிட் சுவரின் பத்து வரி 7.8 மி.மீ. வருகிறது. 4 மி.மீ. ஸ்கேலுக்கென்று விற்கும் செங்கல் பதித்த பிளாஸ்டிக் தாளில் பத்து வரி 10 மி.மீ. தனித்தனியாகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரே சுவரில் இரண்டையும் ஒட்டினால் எவருக்கும் தெரியும். அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: இரண்டு செங்கலும் நேருக்கு நேர் சந்திக்கக் கூடாது. நடுவில் ஒரு கல் பட்டையோ, சாந்து பூசிய பரப்போ, சந்தோ வந்தாக வேண்டும்.

கட்டடம் நிற்கப்போவது லேஅவுட்டின், அதாவது மாதிரி ரயில் அமைப்பின், பின் ஓரம், பின்னணிப் படத்தை ஒட்டி. அங்கே முழுப் பெட்டியாகக் கட்டுவது வீண். மூன்று சுவரை வரிசையாக நீட்டி ஒரே நீண்ட முகப்பாக்கினேன், நான்காவதை இரண்டாக அறுத்துப் பக்கச் சுவர்களாக வைத்தேன். ஆழம் 60 மி.மீ. ஜன்னல் வரிசைகளுக்கு நடுவே சுவரோடு ஒட்டிய செங்கல் தூண்கள் மேலிருந்து கீழ்வரை ஓடுகின்றன. அறுப்பதற்கு அதன் ஓரமே சரியான இடம். கொக்கி முனைக் கத்தியால் உலோக ஸ்கேலை வைத்துப் பல தடவை கீறி, மேசை விளிம்பில் வைத்து மடக்கினால் சுத்தமாக உடையும். ரம்பம் போட்டால் ஒரு வரிச் செங்கல் தூளாகிப் போகும். மூலைகளில் விளிம்பை 45 பாகைக்கு அரத்தால் சாய்த்துச் சேர்த்தேன், அப்போதுதான் மூலையில் பிளாஸ்டிக்கின் வெட்டுமுகம் தெரியாது. ஒட்டுவதற்கு பியூட்டனோன் என்ற கரைப்பான், தூரிகையால் இணைப்பின் பின்பக்கம் தொட்டு வைத்தால் தானே உள்ளே ஓடிவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. நீண்ட முகப்பு பின்னால் வளையாமல் இருக்க 6 மி.மீ. சதுரக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினேன். இரண்டு தாளை முழுப் பரப்பில் ஒட்டும் இடங்களில் பின்தாளில் சின்னச் சின்ன ஓட்டை போட வேண்டும். உள்ளே அடைபட்ட ஆவி வெளியேறாவிட்டால் மாதங்கள் கழித்தும் சுவர் முறுக்கிக்கொள்ளும்.

கீழ்த்தளம். கிட்டோடு வந்த சிமெண்ட் நடைபாதைத் தளத்தை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். சுவரின் அடியில் 6 மி.மீ. உயரத்துக்கு ஓர் அடிப்பட்டை சேர்த்தேன், ஸ்டாஃபோர்ட்ஷயர் நீலச் செங்கல் என்று சொல்லும் கருநீலக் கல் மாதிரி. வண்டிச் சக்கரமும் ஈரமும் படும் இடத்தில் இந்தக் கடினமான கல்லைத்தான் அங்கே வைப்பார்கள். இங்கே 4 மி.மீ. தாளின் பெரிய செங்கல்தான், ஆனால் மேலே ஒரு வழுவழுப்பான கல் பட்டை ஓடுவதால் இரண்டும் முட்டிக்கொள்ளவில்லை. இந்தப் பட்டை கதவுப் பிரச்சினையையும் தீர்த்தது. வாசலைக் கீழே இறக்கி 27 மி.மீ. உயரக் கதவு வைக்க இடம் கிடைத்தது, லிண்டலைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்தது. பிரிட்டிஷ் கிடங்கில் சரக்கு ஏற்றும் கதவுகள் ஒன்றின் மேல் ஒன்றாக எல்லாத் தளத்திலும் இருக்கும். உச்சியில் ஒரு விட்டம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதில் கப்பி. கீழே வண்டியிலிருந்து மூட்டையைக் கயிற்றில் இழுத்து எந்தத் தளத்துக்கு வேண்டுமோ அங்கே உள்ளே வாங்கிக்கொள்வார்கள். அமெரிக்கக் கிட்டில் இது கிடையாது, அங்கே கீழ்த்தளத்தில் மேடையும் உள்ளே லிஃப்டும்தான். ஒரு ஜன்னல் வரிசையைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றின் அடிக்கட்டையையும் வெட்டித் தளமட்டம் வரை இறக்கினேன். 16 மி.மீ. அகலம், 26 மி.மீ. உயரம் உள்ள கதவுகளை 1 மி.மீ. இடைவெளியில் கோடு பதித்த தாளில் செய்தேன், பலகைக் கதவு மாதிரியே வருகிறது. கதவைச் சுவர் முகத்திலிருந்து 1.5 மி.மீ. உள்ளே தள்ளி ஒட்ட வேண்டும். அந்த நிழல் இல்லாவிட்டால் ஸ்டிக்கர் ஒட்டியது போலத் தோன்றும். வாசலுக்குக் கீழே இரும்புத் தகடு பதித்த படிக்கல், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. உச்சியில் கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு ஒரு சின்ன முக்கோணக் கூரை, அதன் அடியில் விட்டம். இந்த ஒரு வரிசை வந்ததுமே கட்டடம் அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டது.

மேல் விளிம்பில் கிட்டுக்கு ஒரு கனமான தகரக் கார்னிஸ், அதாவது வெளியே துருத்தும் அலங்காரப் பட்டை, கொடுத்திருந்தார்கள். பிரிட்டனுக்கு மாற்றுபவர்கள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கிவிடுகிறார்கள். பிடுங்க வேண்டிய அவசியம் எப்போதும் இல்லை. மான்செஸ்டர் போர்ட்லண்ட் தெருவில் 1856-ல் முடிந்த வாட்ஸ் கிடங்கைப் பாருங்கள், வெனிஸ் மாளிகை போல அலங்காரம். துணி வியாபாரிகள் முகப்புக்குப் பணம் செலவழிக்கத் தயங்கியதே இல்லை. வித்தியாசம் பொருளில்தான்: அமெரிக்காவில் தகரம், அதனால் பச்சை அல்லது பழுப்பு வண்ணம். மான்செஸ்டரில் கல். நான் கார்னிஸை வைத்துக்கொண்டு, அடியில் தொங்கிய மெல்லிய பூவேலைகளை மட்டும் செதுக்கி எடுத்துவிட்டுக் கல் நிறம் பூசினேன். தெருப்பக்கம் அலங்காரம், பக்கச் சுவரில் வெறும் செங்கல், அங்கே ஒரு பட்டைக் கல் மூடி மட்டும். செலவைப் பார்க்கிற இடத்தில் காட்டுவது அந்த ஊர் வியாபாரிகளின் வழக்கமும்கூட.

கூரை. கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஒரு வாய்க்கால், அங்கிருந்து 30 பாகைச் சரிவில் பின்னணிப் படத்தை நோக்கி ஏறும் ஸ்லேட் கூரை. 55 மி.மீ. ஆழத்துக்கு 32 மி.மீ. ஏறுகிறது, முன்னால் நின்று பார்ப்பவருக்கு ஓரளவு தெரியும் உயரம். வேல்ஸ் ஸ்லேட்டில் மிகவும் புழங்கிய அளவுகளில் ஒன்று 20 அங்குலத்துக்கு 10. ஒவ்வொரு கல்லும் இரண்டு வரி கீழே உள்ள கல்லை மூன்று அங்குலம் மூடும்படி போட்டால் ஒவ்வொரு வரியிலும் வெளியே தெரிவது எட்டரை அங்குலம். மாதிரியில் அகலம் 3.3 மி.மீ., தெரியும் உயரம் 2.8 மி.மீ. கெட்டிக் காகிதத்தைப் பட்டைகளாக வெட்டி, ஓர் ஓரத்தில் 3.3 மி.மீ.க்கு ஒரு கீறல் போட்டு, கீழ் வரியிலிருந்து மேலே ஒன்றின் மேல் ஒன்றாக, அரைக் கல் தள்ளித் தள்ளி ஒட்டினேன். சலிப்பான வேலைதான். ஆனால் அச்சில் வார்த்த ஸ்லேட் தாளில் கிடைக்காத அந்த மெல்லிய விளிம்பு இதில் கிடைக்கிறது. நீலமும் ஊதாவும் கலந்த சாம்பல் நிறம், அங்கங்கே ஒரு கல் மட்டும் சற்று வெளிர்.

புகைபோக்கிக்குக் கணக்கு போட்டேன். கிடங்கு முழுக்க அடுப்பு இருக்காது, பருத்திக்கும் நெருப்புக்கும் ஆகாது. மூலையில் தளத்துக்கு ஓர் ஆபீஸ் அறை என்று வைத்தால் நான்கு அடுப்பு, நான்கு புகைவழி. ஒவ்வொரு வழியும் 9 அங்குலச் சதுரம், இடையிலும் ஓரங்களிலும் 4½ அங்குலச் சுவர். மொத்தம் 58½ அங்குல நீளம், 18 அங்குல அகலம். மாதிரியில் 19.5 மி.மீ.க்கு 6 மி.மீ. தலையில் இரண்டு வரி வெளியே தள்ளிய செங்கல், அதன் மேல் நான்கு சுடுமண் குழாய். 3.5 மி.மீ. பிளாஸ்டிக் குழாயை 10 மி.மீ. துண்டுகளாக நறுக்கி, ஒன்றை மட்டும் வேறு உயரமாக வைத்தேன். உடைந்தால் கிடைத்ததைப் போட்டுவிடுவார்கள் என்பதால் அங்கே நான்கும் ஒரே மாதிரி இருப்பது அபூர்வம். தூண் கூரையைத் துளைக்கும் இடத்தில் ஈயத்தகடு மடிப்புக்கு மெல்லிய காகிதம். எத்தனை அறை என்று தெரியாமல் புகைபோக்கி செய்தால் ஏதாவது ஒரு அளவில் வரும். கணக்கு தெரிந்து செய்தால் அது கட்டடத்தின் உள்ளிருந்து வந்தது போல நிற்கிறது.

மழைக்குழாய்க்கு 1.2 மி.மீ. பிளாஸ்டிக் கம்பி. வார்ப்பிரும்புக் குழாய் 6 அடித் துண்டுகளாக வரும், அதனால் ஒவ்வொரு 24 மி.மீ.க்கும் ஒரு கழுத்து. மெல்லிய டேப்பைச் சுற்றினால் போதும். கைப்பிடிச் சுவரில் ஓட்டை போட்டு வாய்க்கால் தண்ணீர் ஒரு பெட்டித் தலையில் விழுந்து குழாயில் இறங்கும்படி செய்தேன். மூன்று சுவரை இணைத்த இரண்டு கோடுகளும் சரியாக இந்தக் குழாய்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டன. சுவரிலிருந்து ஒரு இழை தள்ளி நிற்க வேண்டும், ஒட்டிவிடக் கூடாது.

வண்ணத்தில் எனக்கு ஓர் அழுத்தமான கருத்து உண்டு. கிட் பெட்டியின் படத்தில் செங்கல் ஆரஞ்சுச் சிவப்பு, இடையில் பளிச்சென்ற வெள்ளைக் கலவை. 1950களின் மான்செஸ்டருக்கு இது இரண்டுமே ஆகாது. லங்காஷயரின் அக்ரிங்டன் ஊர்ச் செங்கல் அடர் சிவப்பு, கலவையில் நிலக்கரிச் சாம்பல் சேர்ப்பது அந்தப் பக்கத்தில் சகஜம், அதற்கு மேல் நூறு வருடத்துக் கரி. புகைக்கட்டுப்பாட்டுச் சட்டம் 1956-ல் வந்தது, அதற்குப் பிறகும் சுவர்கள் வெகுகாலம் கறுப்பாகவே நின்றன. சிவப்பு ஆக்சைடு பிரைமர் அடித்து, சில கற்களைத் தனித்தனியாகப் பழுப்பிலும் ஊதாவிலும் தொட்டு, பிறகு நீர்த்த கறுப்பும் அடர் பழுப்பும் கலந்து முழுச் சுவரிலும் ஓடவிட்டேன். அது கலவைக் கோடுகளில் தானே தங்கிவிடுகிறது, வெள்ளை தேவையே இல்லை. லண்டனின் போர்ட்லண்ட் கல் மழை படும் இடத்தில் வெளுத்தும் ஒதுங்கிய இடத்தில் கறுத்தும் இருக்கும். வடக்கின் மணற்கல் மழையில் நின்றாலும் கறுக்கும், அதனால் கார்னிஸும் ஜன்னல் கட்டைகளும் ஒரே சீரான கரி நிறம். முழுக் கறுப்பாக மட்டும் விட்டுவிடக் கூடாது. லேஅவுட் விளக்கில் எல்லா நிறமும் ஒரு படி இருட்டாகத் தெரியும்.

ஜெர்மன் கிட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கருப்புக் காட்டுப் பகுதியின் மரச்சட்ட வீடுகளும் செங்குத்தான ஓட்டுக் கூரைகளும் எவ்வளவு அழகாக இருந்தாலும் இங்கே உதவாது. ஆனால் சாக்சனியில் இருக்கும் ஆவ்ஹாகன் நிறுவனம் தொழிற்சாலைச் சுவர்களைத் தனித்தனித் துண்டுகளாக விற்கிறது. சிறு கண்ணாடிகள் கொண்ட இரும்பு ஜன்னல், மேலே மெல்லிய வளைவு. இது பிராட்ஃபோர்டு ஆலையிலும் இருக்கும், கெம்னிட்ஸ் ஆலையிலும் இருக்கும். யார்டின் இடது ஓரத்தில் ஓர் எஞ்சினியரிங் பட்டறைக்கு இதை எடுத்தேன். அலங்கார முக்கோண முகப்பை மட்டும் நீக்கிவிட்டு ரம்பப்பல் கூரை போட்டேன். அதில் கண்ணாடிப் பக்கம் வடக்கே பார்க்க வேண்டும், நேர் வெயில் உள்ளே விழக் கூடாது என்பதற்காக. என் லேஅவுட்டில் பார்வையாளர் தெற்கே நிற்கிறார், ஆகவே அவருக்குத் தெரிவது ஸ்லேட் சரிவு மட்டும்தான். கண்ணாடியைக் காட்டும் ஆசை இருந்தது. இருந்தும் திசையை மாற்ற மனம் வரவில்லை.

தெருமுனைக் கடைகளுக்கு டிசைன் பிரிசர்வேஷன் மாடல்ஸின் சிறிய அமெரிக்கக் கடைவீதிக் கட்டடங்கள். மேல்தளங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். கீழ்த்தளத்தை முழுக்க அறுத்துவிட்டு 8 மி.மீ. அடிச்சுவர், பெரிய கண்ணாடி, மேலே சாய்வான பெயர்ப்பலகை என்று புதிதாகக் கட்டினேன். மூலைக் கட்டடம் ஒரு பப் ஆனது, கீழ்த்தளம் முழுக்கக் கரும்பச்சை ஓடு பதித்த மாதிரி. இன்னும் சிறிய அளவான ‘என்’ கேஜில் இருப்பவர்களுக்கு இந்த வேலை இன்னும் சுலபம். அங்கே பிரிட்டனின் 1:148-க்கும் மற்றவர்களின் 1:160-க்கும் இடையில் வித்தியாசம் 7.5 சதவீதம்தான்.

நிறுத்தும் வரிசையும் முக்கியம். முன் வரிசையில் ரயிலும் ஆட்களும் வண்டிகளும் 4 மி.மீ. கணக்கில், அவற்றுக்குப் பின்னால் அதே கணக்கில் கட்டிய வளைவுப் பாலம், அதற்கும் பின்னால் எச்ஓ கட்டடங்கள். பின்னால் இருப்பது சற்றுச் சிறுத்திருந்தால் கண் அதைத் தூரம் என்று எடுத்துக்கொள்கிறது. ஒரே நிபந்தனை, பின்வரிசைக் கட்டடத்தின் வாசலில் ஓஓ ஆளை நிறுத்தக் கூடாது. கதவு மாற்றிய கிடங்குக்கு மட்டும் அந்தச் சலுகை உண்டு.

இப்போது மீதி இருப்பது கால்வாய்ப் பக்கம். கிடங்கின் அடியில் படகு நுழையும் வளைவு ஒன்று வேண்டும், அதற்குக் கிட்டில் எதுவும் இல்லை. 4 மி.மீ. செங்கல் தாளில் வளைவை வெட்டி, சுற்றிலும் கல் வளையம் வைத்து, அதை நீலச் செங்கல் அடிப்பட்டையோடு சேர்க்கப் போகிறேன். அடிப்பட்டை தண்ணீர் மட்டம் வரை இறங்க வேண்டும், கயிறு உராய்ந்து பள்ளம் விழுந்த மூலைக்கல்லும் ஒன்று வேண்டும்.